ஒரு நீதிபதியைப் பற்றி விசாரித்தார்கள்

இங்கே கனடாவில் ஃபெடரல் கோர்ட்டில் வழக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால் எங்கள் ஆட்கள் “என்ன வழக்கு?” என்று கேட்பதில்லை. “ஆர் ஜட்ஜ்?” என்றுதான் கேட்பார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போதும், மொன்றியலில் நாங்கள் இருக்கிற செயின்ட் மிஷேலில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டுக் கடையில் நிற்கும்போதும் இதே கேள்விதான். சொன்ன பெயருக்கு ஏற்றபடி முகம் மலரும். அல்லது “கடவுள் இருக்கிறார்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். கடவுள் இருக்கிறார் என்றால் அந்த நீதிபதி சரிவரமாட்டார் என்று அர்த்தம்.

இதை வெறும் விடுப்பு, ஊர்வம்பு என்று நினைத்துவிடாதீர்கள். அகதி விண்ணப்பம் தள்ளுபடியானவர்கள் கடைசியாகப் போய்த் தட்டுகிற கதவு அது. அந்த மேசைக்குப் பின்னால் யார் வந்து உட்காருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு குடும்பம் இங்கே இருப்பதும் திரும்பிப் போவதும் என்று எங்கள் ஆட்கள் நம்புகிறார்கள். சட்டம் படித்தவர்கள் அப்படி இல்லை என்பார்கள். நான் சட்டம் படிக்கவில்லை.

நான் மொழிபெயர்ப்பாளர். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் படித்த ஆங்கிலமும் இங்கே வந்து மாலை வகுப்பில் பிடித்த பிரெஞ்சும் எனக்குச் சோறு போட்டன. அகதி விசாரணைகளில் தமிழர் சொல்வதைப் பிரெஞ்சிலும், அதிகாரி கேட்பதைத் தமிழிலும் சொல்வதுதான் வேலை. ஃபெடரல் கோர்ட்டில் எனக்கு உண்மையில் வேலையே இல்லை. அங்கே எங்கள் ஆட்கள் வாய் திறக்க இடமில்லை. இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளும் பேசுவார்கள். கீழே கொடுத்த முடிவு நியாயமான முறையில் கொடுக்கப்பட்டதா என்று மட்டும் நீதிபதி பார்ப்பார். யாருடைய உயிரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் பின்வரிசை வாங்கில் பேசாமல் இருப்பார்.

அப்படியிருந்தும் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போகிற ஒரே சட்டத்தரணி ஒரு பெண். “தன்ர சீவியத்தைப் பற்றி என்ன கதைக்கினம் எண்டு அந்த மனிசனுக்கு விளங்க வேண்டாமோ?” என்பார். பின் வாங்கில் கட்சிக்காரர் பக்கத்தில் இருந்து காதுக்குள் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருப்பது என் பங்கு. அவர் பேசியதெல்லாம் பிரெஞ்சில். நான் இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன். பழக்கதோஷம், விட்டுப்போகாது.

அவருடைய அலுவலகம் நகரத்தின் மற்றப் பக்கம், நோத்ர டாம் த கிரேஸில், சலவைக் கடை ஒன்றுக்கு மேலே இருந்தது. இரண்டு அறை, ஒரு யன்னல். கீழே இஸ்திரிப் பெட்டியின் ஆவி குளிர்காலத்தில் தரை வழியாக மேலே வரும். அதனால் காலுக்கு மட்டும் சூடு, தோளுக்குச் சால்வை. நான் செயின்ட் மிஷேலிலிருந்து நீலக் கோட்டு மெட்ரோவில் கடைசித் தரிப்பு வரை போய், மாறி ஏறிப் போவேன். பதினான்கு வருடம் அப்படிப் போனேன். அந்தப் படிகளில் எது கிரீச்சிடும் என்று இப்போதும் என் காலுக்குத் தெரியும்.

அவர் மாட்டுப் பண்ணைக்காரரின் மகள். ஆற்றின் வடக்கே எங்கேயோ ஒரு சின்ன ஊர். உயரம், பெரிய கை, பெரிய குரல். எங்கள் ஆட்கள் அவரை முதலில் கண்டால் பயப்படுவார்கள், பிறகு விடமாட்டார்கள். அவரை நான் மேத்ர் என்று கூப்பிட்டேன். இங்கே சட்டத்தரணிகளை அப்படித்தான் கூப்பிட வேண்டும். எத்தனையோ வருடம் ஒன்றாக வேலை செய்தும் அந்த மேத்ரும் அவர் என்னைக் கூப்பிடுகிற மதாமும் எங்களுக்கிடையில் மாறவில்லை. மாற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவுமில்லை.

ஒரேயொரு குறை, கோபம். பொய்யைக் கண்டால் அவருக்கு ஆகாது. அவர் கற்ற முதல் தமிழ்ச் சொல்லே “பொய்” தான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாகவே பொறுக்கிக்கொண்டார். கட்சிக்காரர் ஏதாவது சோடித்தால் மேசையில் கையால் ஓங்கி அடித்து “பொய்” என்பார். பிறகு பிரெஞ்சில் மழை. நான் அந்த மழையைக் கொஞ்சம் வடித்துத்தான் தமிழில் ஊற்றுவேன்.

“நான் ஒரு நிமிசம் கத்தினன். நீங்கள் நாலு சொல்லில முடிச்சுப்போட்டியள்” என்றார் ஒருநாள்.

“தமிழ் சுருக்கமான மொழி, மேத்ர்” என்றேன். அவர் என்னைப் பார்த்து “பொய்” என்றார். அன்று கட்சிக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

ஒவ்வொரு ஃபெடரல் கோர்ட் விசாரணைக்குப் பிறகும் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வென்றமாதிரித் தெரிந்தாலும் தோற்றமாதிரித் தெரிந்தாலும் அவருடைய பழைய காரில் ஏறி, கோர்ட் இருக்கிற துறைமுகப் பக்கமிருந்து மேலே வந்து, ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் அவித்த ஹொட்டோக் சாப்பிடுவோம். இறைச்சி தொடாத தவசு கால வெள்ளிக்கிழமையென்றால் எனக்கு உருளைக்கிழங்குப் பொரியல் மட்டும். “என்ர அம்மாவும் உப்பிடித்தான்” என்று சொல்லிவிட்டு என் பங்கு இறைச்சியையும் அவரே சாப்பிடுவார். சாப்பிட்டு முடியும் வரை நீதிபதியைப் பற்றி ஒரு சொல் வராது. முடிந்ததும் கையைத் துடைத்துவிட்டு, “எத்தினை தரம் எழுதினவர்?” என்று கேட்பார்.

அதுதான் அவர் பார்ப்பது. எங்கள் ஆட்கள் நீதிபதியின் முகத்தைப் பார்ப்பார்கள், இவர் பேனையைப் பார்ப்பார். தான் பேசப் பேச நீதிபதி எழுதினால் அவருக்கு வழக்கே வென்ற மாதிரி. கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் மனிசிக்கு முகத்தில் ஈயாடாது. தான் பேசிக்கொண்டே பார்க்க முடியாததால் அந்தக் கணக்கை என்னிடம் விட்டிருந்தார். “நான் அங்க இருந்தா எழுதுவன்” என்று இரண்டொரு தரம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன்.

பகிடி இல்லை. பனி கொட்டுகிற ஒரு மாரி காலத்துப் பின்னேரம் கட்சிக்காரர் எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். “மதாம், நான் ஜட்ஜுக்கு விண்ணப்பிக்கப் போறன்.”

இந்த நாட்டில் நீதிபதியாக வேண்டுமென்றால் தானே விண்ணப்பிக்க வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மேலே இருக்கிறவர்கள் யாரோ பார்த்துப் பிடித்துக் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் மேசையில் கிடந்த படிவம் ஒரு கொப்பி தடிப்பு. பத்து வருடமாவது சட்டத்தரணியாக இருந்திருக்க வேண்டும். என்னென்ன வழக்கு, என்னென்ன எழுதினார், நீதி என்றால் என்ன என்று நினைக்கிறார், எல்லாம் கேட்டிருந்தார்கள். அதை ஒரு குழு பார்க்குமாம். குழுவில் சட்டம் படிக்காத ஆட்களும் இருப்பார்களாம். அவர்கள் நாலு இடத்தில் விசாரித்து, தங்கள் முடிவை அமைச்சருக்குச் சொல்வார்கள். பிறகு அமைச்சரவை. கியூபெக்கிலிருந்து இத்தனை நீதிபதிகள் அந்த நீதிமன்றத்தில் இருக்கத்தான் வேண்டும் என்று சட்டம் இருப்பதால் தனக்கும் ஒரு வாய்ப்பு உண்டு என்றார்.

“கிடைச்சால் இஞ்ச தானே இருப்பியள்?” என்றேன்.

“இல்லை. ஒட்டாவாவில இல்லாட்டி அதுக்குக் கிட்ட வீடு எடுக்கவேணும். அதுவும் சட்டம். அங்க இருந்து ஊர் ஊராப் போய் வழக்குக் கேக்கிறது.”

ஏற்கெனவே அடுக்கியிருந்த ஃபைல்களைத் திரும்பவும் அடுக்கினேன். நல்லது, மிக நல்லது என்றேன்.

பிறகு அவர் கேட்டதுதான் வில்லங்கம். தன்னைப் பற்றி விசாரிக்கக்கூடியவர்களின் பெயர்ப் பட்டியலில் என் பெயரையும் போடலாமா என்று கேட்டார். நான் திகைத்துப்போய், என்னைப்போல ஒருத்தி சொல்வதை அவர்கள் எதற்குக் கேட்கப்போகிறார்கள் என்றேன்.

“சட்டம் தெரியும் எண்டு சொல்லுறதுக்கு நிறையப் பேர் இருக்கினம். மனிசரை மனிசரா நடத்திறனோ எண்டு சொல்லுறதுக்கு நீங்கள்தான் இருக்கிறியள்.”

இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். அது லேசான காரியமல்ல. எங்கள் கோயில் பங்கில் ஒரு வீட்டில் கறி அடிப்பிடித்தால் அடுத்த ஞாயிறு பூசைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் என்னைக் கட்டின மனிசருக்குக்கூட மூச்சு விடவில்லை.

போன் ஒரு மதியம் வந்தது. அடுப்பில் பருப்பு. மரியாதையான ஆண் குரல். குழுவுக்காகப் பேசுவதாகவும், நான் சொல்வது வெளியே போகாது என்றும் சொன்னார். அடுப்பை நிறுத்திவிட்டுக் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கலியாணம் பேசுகிறவர்கள் பெண்ணையோ மாப்பிள்ளையையோ பற்றித் தெரிந்தவர்களிடம் விசாரிப்பார்கள். கனடா வந்தும் அது விட்டுப்போகவில்லை. ரொறன்ரோவிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் எடுத்து, “உங்கட சேர்ச்சுக்கு வாற இன்ன குடும்பம் எப்பிடி?” என்பார். அதற்குப் பதில் சொல்ல ஒரு முறை இருக்கிறது. எல்லாம் நல்லது, எல்லாம் திறம் என்று அடுக்கினால் காரியம் கெட்டது. எதையோ மூடி மறைக்கிறாள் என்று அடுத்த வீட்டுக்குப் போன் போகும். ஆகவே விபரம் தெரிந்தவள் ஒரு சின்னக் குறையை எடுத்து முன்னால் வைப்பாள். “பெட்டை தங்கம். கொஞ்சம் வாய் கூட.” வாய் கூட என்று சொன்னதுமே தங்கம் என்றதையும் நம்பிவிடுவார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். என் அனுபவத்தில் ஒரு சின்ன உண்மைதான் கலியாணத்தை ஒப்பேற்றும். என் வாயால் ஒப்பேறிய கலியாணம் ஏழெட்டாவது இருக்கும்.

அந்தத் தைரியத்தில் நான் அந்தப் போனுக்கும் அப்படியே பதில் சொன்னேன். நேர்மையானவர், உழைப்பாளி, ஏழைகளை மதிப்பவர் என்றேன். மற்றப் பக்கத்தில் தட்டச்சுச் சத்தம் மெல்லக் கேட்டது. பிறகு எங்கள் முறைப்படி, “கொஞ்சம் கோபக்காரி” என்றேன்.

தட்டச்சு வேகமாகியது. “கோபம் என்றால் எப்படி, மதாம்? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.”

கலியாணம் விசாரிக்கிறவர்கள் உதாரணம் கேட்பதில்லை. சிரித்துவிட்டு விடுவார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிய வாய். இளந்தகப்பன் ஒருவருடைய கதையைச் சொன்னேன். நண்பர்கள் சொல்லிக் கொடுத்த பொய் ஒன்றை அந்தத் தகப்பன் தன் வாக்குமூலத்தில் சேர்த்திருந்தார். மேத்ர் கத்தின கத்தில் கீழே சலவைக் கடைக்காரர் வந்து படியில் நின்றார். மேசையில் ஸ்டேப்ளரைக் குத்தின குத்தில் அது இரண்டாக உடைந்தது.

“ஸ்டேப்ளர் உடைந்ததா?” என்று கேட்டுவிட்டு அதையும் தட்டினார்.

அதன் பிறகு நடந்ததையும் சொன்னேன். மேத்ர் கீழே இறங்கி மூலைக் கடைத் தெப்பனரில் மூன்று சீனி போட்ட கோப்பி வாங்கி வந்து அந்தத் தகப்பனுக்குக் கொடுத்து, எதிரில் இருந்து, இருட்டும் வரை அவருடைய உண்மைக் கதையை ஒவ்வொரு வரியாக எழுதி எடுத்தார். உண்மைக் கதைதான் பொய்யைவிடப் பயங்கரமாக இருந்தது. அந்தக் கதையால்தான் அந்தத் தகப்பனுடைய வழக்கு வென்றது. இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், மற்றப் பக்கத்தில் தட்டச்சுச் சத்தம் இல்லை. ஸ்டேப்ளரோடு நின்றுவிட்டது. நன்றி மதாம், நல்ல நாளாக இருக்கட்டும் என்று வைத்துவிட்டார்.

அன்று பருப்பு நீர்த்துப்போயிருந்தது என்று மனிசர் சொன்னார். இன்னொரு தரம் அடுப்பில் வைத்தேன்.

சில மாதத்தில் மேத்ருக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது, அவ்வளவுதான். நல்லதாகச் சொன்னார்களா கூடாமல் சொன்னார்களா என்று அதில் இல்லை. யாருக்கும் சொல்வதில்லையாம். அகதி விண்ணப்பம் தள்ளுபடியானால் ஏன் என்று பக்கம் பக்கமாகக் காரணம் எழுத வேண்டும். காரணம் சரியில்லை என்று காட்டித்தானே நாங்கள் அந்த நீதிமன்றத்தில் வழக்குப் பேசினோம். நீதிபதி ஆகாதவருக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவும் என்னால் முடியவில்லை.

புதிதாக நியமிக்கப்படுகிறவர்களின் பெயர்களை அரசாங்கம் இணையத்தில் போடும். நான் அந்தப் பக்கத்தை என் கைபேசியில் பிடித்து வைத்துக்கொண்டேன். மெட்ரோவில் நின்றுகொண்டே திறந்து பார்ப்பேன். வன்கூவரில் ஒருவர், ஹலிபாக்ஸில் ஒருவர். கியூபெக் என்று வந்தால் நெஞ்சு அடிக்கும். வேறு யாரோவாக இருக்கும். அலுவலகத்துக்குப் போனால் அவர் வழமைபோல ஃபைலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு, “வாங்கோ மதாம், அந்த மன்னார்க்காரரைக் கூப்பிடுங்கோ” என்பார். அவரும் அந்தப் பெயர்களைப் பார்த்திருப்பார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம்.

நான் இப்போது நினைத்துப் பார்த்தால், அப்படிப் பெயர் பார்த்துக்கொண்டு காத்திருந்த அந்த மூன்று வருடங்கள்தான் எங்கள் நல்ல காலம். இரண்டு பேருக்கும் வேலை கைக்குள் வந்திருந்தது. அவர் மூச்சு எடுக்கும் இடத்தில் நான் சொல்லி முடிப்பேன். அவருக்குத் தமிழ் இல்லாமலே எங்கள் ஆட்களின் மௌனம் விளங்கத் தொடங்கியிருந்தது. ஒரு தாய் பதில் சொல்லாமல் சேலைத் தலைப்பைச் சுருட்டினால், “இப்ப கேக்காதேங்கோ. நாளைக்குக் கேப்பம்” என்று எனக்கே சொல்வார். ஹொட்டோக் கடைக்காரர் எங்களைக் கண்டால் கேட்காமலே போட்டுக் கொண்டு வருவார். காரில் ரேடியோவுக்குச் சேர்த்து மேத்ர் பாடுவார். சுருதி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது. பனி கொட்டிய நாட்களில் என்னைச் செயின்ட் மிஷேல் வரை கொண்டுவந்து விடுவார். என் வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் அரை மணித்தியாலம் அன்றைய வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். மேலே யன்னலில் மனிசர் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுப் போவார்.

கடைசியில் அந்தப் போன் கதையை மனிசரிடம்தான் முதலில் சொன்னேன். டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் குசினியில் அடுப்போடு இருபது வருடம் நின்று களைத்த மனிதர். எதற்கும் பெரிதாக அசையமாட்டார். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“நீர் ஜட்ஜுக்கும் கலியாணம் பேசினீரோ?”

“பகிடி விடாதேங்கோ. நான் அந்த மனிசியின்ர வாழ்க்கையைக் கெடுத்துப் போட்டன்.”

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இஞ்சேரும், ஒண்டு கேக்கிறன். வழக்கத்தில சொன்னீரோ, இல்லாட்டி அவ போகக்கூடாதெண்டு சொன்னீரோ?”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த மனிசருடன் இரண்டு நாள் பேசவில்லை. கேள்வி பிழையாக இருந்திருந்தால் அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அந்தக் குழு போடுகிற மதிப்பீட்டுக்கும் ஒரு காலாவதி உண்டு. காலம் முடிந்தால் திரும்ப விண்ணப்பிக்கலாம். மேத்ர் திரும்பவும் படிவத்தை எடுத்தார். திரும்பவும் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “உங்கட பேரைப் போடலாம் தானே?”

“போடாதேங்கோ” என்றேன்.

பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். எங்கள் கலியாண விசாரிப்பு, சின்னக் குறை வைக்கிற முறை, அந்த மரியாதையான குரல், தட்டச்சுச் சத்தம், எல்லாம்.

“ஸ்டேப்ளரையும் சொன்னியளோ?”

“ஓம்.”

“உடைஞ்சதையும்?”

“ஓம்.”

எழுந்து யன்னலுக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் மேசையில் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூன்று வருடம் தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். வெட்கம் என்றேன். திரும்பி வந்து உட்கார்ந்தபோது கண் சிவந்திருந்தது.

“நீங்கள் சொன்னது பொய்யோ?” என்று கேட்டார். பொய் என்ற சொல்லை மட்டும் தமிழில்.

“இல்லை.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டுப் பேனையை எடுத்து என் பெயரை எழுதினார். எழுத்துக்கூட்டி, என் பெயரில் பிரெஞ்சுக்காரர் எல்லோரும் பிழை விடுகிற இடத்திலும் பிழை விடாமல் எழுதினார்.

இரண்டாவது போன் வந்தபோது வைகாசி மாதம். இந்த முறை ஒரு பெண் குரல். நான் ஆயத்தமாக இருந்தேன் என்று சொன்னால் அது உண்மையல்ல. போனை எடுத்ததும் மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. ஒரு சொல் குறைத்துச் சொன்னால் மேத்ர் எங்கேயும் போகமாட்டார். காரும், ஹொட்டோக்கும், கிரீச்சிடும் படியும் அப்படியே இருக்கும். யாருக்கும் தெரியவராது. அவர்கள் காரணமே சொல்வதில்லையே.

நான் இளந்தகப்பனின் கதையை அவர்கள் கேட்காமலே எடுத்தேன். இந்த முறை கோப்பியிலிருந்து தொடங்கினேன். மூன்று சீனி என்றேன். இருட்டும் வரை எழுதினார் என்றேன். பிறகுதான் கத்தியதையும் ஸ்டேப்ளரையும் சொன்னேன், ஏன் கத்தினார் என்பதோடு சேர்த்து. “கோபம் இருக்கு. ஆனா அது பொய்யோட மட்டும்தான். பயந்து வாற ஆக்களோட அவ கோவிச்சு நான் ஒரு நாளும் காணேல்லை” என்றேன். தட்டச்சுச் சத்தம் நின்ற இடங்களில் நானும் நின்றேன். “எழுதிவிட்டீர்களா, மதாம்?” என்று மூன்று தரம் கேட்டேன். அந்தப் பெண் பொறுமைசாலி. மூன்று தரமும் ஓம் என்றார்.

போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் நின்று அழுதேன். என் கையால் நானே அவரை அனுப்பிவைத்த மாதிரி இருந்தது.

நியமனம் மாரிக்கு முன் வந்தது. காலையில் அமைச்சரின் அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன். மத்தியானம் எனக்குப் போன். “மதாம், வாங்கோ” என்று மட்டும்தான் சொன்னார். நீலக் கோட்டில் போகும்போது கைபேசியைத் திறந்தேன். இருந்தது. முழுப் பெயர், அவர் ஊர், அவர் படித்த இடம். மூன்று தரம் வாசித்தேன். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மாணவனிடம், சென்னைப் பிள்ளை போலிருந்தது, “என்ர லோயர் ஜட்ஜாகிட்டா” என்று சொன்னேன். அவனும் “சூப்பர் ஆன்ட்டி” என்றான்.

நீதிபதியாகிவிட்டால் ஒரு ஃபைலைக்கூட வைத்திருக்க முடியாது. எல்லா வழக்குகளையும் வேறு இரண்டு சட்டத்தரணிகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. செய்தி எங்கள் ஆட்களுக்கு எட்டியதும் படி நிறைந்துவிட்டது. ஒருவர் பூமாலையோடு வந்தார். இன்னொருவர் கேக்கோடு வந்து, “அம்மா, என்ர கேசை இனி உங்களிட்டையே போடச் சொல்லுங்கோ” என்று கேட்டார். தன்னிடம் இருந்த எந்த வழக்கையும் தான் இனிக் கேட்க முடியாது என்று மேத்ர் விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். அந்த மனிதர் நம்பவில்லை. பதவி வந்ததும் மாறிவிட்டா என்று படியில் இறங்கும்போது முணுமுணுத்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கடைசி நாள் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். சுவரில் படச்சட்டங்கள் தொங்கிய இடங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. அவர் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இனிச் சொல்ல வேறு நாள் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

“மேத்ர், நான் அண்டைக்குச் சொன்னது முழு உண்மை இல்லை.”

“எண்டைக்கு?”

“முதல் போனில எங்கட வழக்கத்திலதான் சொன்னன் எண்டு சொன்னன். அதுவும்தான். ஆனா நீங்கள் போகக்கூடாதெண்டும் நினைச்சன்.”

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார். “தெரியும்” என்றார்.

“எப்ப தெரியும்?”

“நீங்கள் சொன்ன அண்டைக்கே தெரியும்.” பெட்டியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தார். “நான் போறதைப் பற்றிக் கவலையில்லாத பத்துப் பேர் என்னைப் பற்றி நல்லாச் சொல்லியிருப்பினம். நான் போறது கவலையான ஒராள் நல்லாச் சொன்னால் எனக்கு அது காணும், வேற வேண்டாம். அதுக்குத்தான் திருப்பியும் உங்கட பேரை எழுதினன்.”

நான் டேப்பை வாங்கி அடுத்த பெட்டிக்கு ஒட்டினேன். அவர் தன் பெரிய கையால் என் தோளைப் பிடித்து ஒருதரம் அழுத்தினார். பிறகு இரண்டு பேரும் பெட்டிகளைப் படியால் இறக்கினோம்.

இப்போது அவர் ஒட்டாவாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். மொன்றியலுக்கும் வழக்குக் கேட்க வருவதாகச் சொல்கிறார்கள். நான் போவதில்லை. மார்கழியில் நத்தார் பெருநாளுக்கு ஒரு கார்ட் வரும், நானும் ஒன்று அனுப்புவேன். வழக்குகளைப் பற்றி ஒரு சொல் இரண்டிலும் இருக்காது. நன்றாக எழுதுகிறார், பொறுமையாகக் கேட்கிறார் என்று கோயிலில் பேசிக்கொள்கிறார்கள். அவர் பெயரைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு முகம் மலர்கிறது.

முதல் தரம் அவருக்குக் கிடைக்காமல் போனது என் வாயாலா என்று எனக்கு இன்னும் தெரியாது, இனித் தெரியவும் வராது. என் வாயால் என்றால் அவருடைய மூன்று வருடத்தை நான் களவெடுத்திருக்கிறேன். பெரிய வெள்ளிக்கு முன் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் இருக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். சொல்வதற்கு முதல் மனஸ்தாபம், செய்த பாவத்துக்காக மனம் நோகிற வருத்தம், வர வேண்டும். அந்த மூன்று வருடத்துக்காக எனக்கு அது இன்னும் வரவில்லை.